சோப்பு நுரைக்குள் நடுங்காத கை

போன ஆடி மாதம் சிவகாசியில் எங்கள் வீட்டில் நடந்தது இது. அன்று மாதாந்திர மின்தடை. காலண்டருக்கு மேலே தகரப் பட்டி அடிக்கும் வேலை எனக்கு. கரண்ட் இல்லாததால் கம்பெனிக்கு லீவு. வீட்டில்தான் இருந்தேன்.

அப்பா பலசரக்குக் கடை வைத்திருந்தவர். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. அவரைக் குளிப்பாட்ட, தூக்கி உட்கார வைக்க ஓர் ஆளை வைத்தோம். வெம்பக்கோட்டைப் பக்கத்துக்காரர். என் வயதுதான் இருக்கும். அவர் மனைவி பட்டாசு ஆலையில் வேலை பார்க்கிறார். அந்த ஆலை வேனிலேயே இவரும் தொற்றிக்கொண்டு வந்து, மனைவி இறங்கிய பிறகு டவுன் எல்லையில் இறங்கி நடந்து வருவார்.

அவர் வந்த நாளிலிருந்து எனக்கு ஒரே எரிச்சல். காரணத்தை வெளியே சொல்லவும் முடியாது. அப்பா அவரிடம் சிரிக்கிறார், அதுதான் காரணம்.

அப்பா என்னோடு பேசுவதே கடைக்கு வந்த ஆளிடம் பேசுவது மாதிரிதான் இருக்கும். "என்னப்பா, சாப்பிட்டியா", அவ்வளவுதான். எனக்கும் பேச வராது. ஆனால் அந்த ஆளைப் பார்த்துவிட்டால் குழறுகிற வாயோடு "ஏலே, தண்ணி என்னலே இப்படிக் கொதிக்குது? என்னையக் குளிப்பாட்டப் போறியா, கோழி உரிக்கப் போறியா?" என்பார். அவரோ கொஞ்சமும் யோசிக்காமல், "கோழிக்கு இம்புட்டு வாய் கிடையாது அண்ணாச்சி" என்பார். இரண்டு பேரும் சிரிப்பார்கள். நான் அடுத்த அறையில் பேப்பரைப் புரட்டிக்கொண்டு இருப்பேன். ஒரு வரிகூட மண்டையில் ஏறாது.

ஒரு நாள் அப்பாவுக்குப் பிடிக்குமே என்று சாத்தூர் காரச்சேவு வாங்கி வந்து கொடுத்தேன். அப்பா பாதியைத் தின்றுவிட்டு மீதியைத் தலையணைக்கு அடியில் வைத்தார். மறுநாள் காலையில் அதை எடுத்து அந்த ஆளிடம் நீட்டினார். சேவு வாங்கி வந்த நான் வாசல் பக்கம்தான் நின்றுகொண்டிருந்தேன். என் வீட்டுக்காரியிடம், "இந்த ஆள் சரியில்லை, வேற ஆள் பார்க்கணும்" என்றேன். "என்ன சரியில்லை?" என்று கேட்டாள். நான் பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டேன்.

மின்தடை நாளன்று முதல் முறையாக அப்பா குளிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பின்கட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் அப்பா. உடம்பெல்லாம் சோப்பு நுரை. அவர் ஒரு கையால் அப்பாவின் அக்குளைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் முதுகு தேய்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அந்தச் சத்தம். கதவு அதிர்ந்தது. வாளித் தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை எழுந்தது.

பட்டாசு ஆலையில் வெடி விபத்து என்று எங்கள் ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எல்லாரும் மொட்டை மாடிக்கு ஓடுவோம். புகை எந்தப் பக்கம் என்று பார்த்த பிறகுதான் மூச்சே வரும். ஆலைக்குள் செல்போன் கொண்டுபோக விடமாட்டார்கள். அதனால் உள்ளே இருப்பவர்களிடம் கேட்கவும் வழி கிடையாது.

"நீங்க போய்ப் பாருங்க, நான் அப்பாவைப் பிடிச்சுக்கிறேன்" என்றேன்.

"மேல பூரா சோப்புண்ணே, வழுக்கிரும். ஒங்களுக்குப் பழக்கமில்ல. நீங்க பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்றார்.

பொய் சொல்ல மாட்டேன், அந்த நேரத்திலும் எனக்குச் சுருக்கென்றது. என் அப்பாவைப் பிடிக்க எனக்குத் தெரியாதா என்று நினைத்துக்கொண்டேதான் மாடி ஏறினேன். ஏறிப் பார்த்ததும் அந்த நினைப்பெல்லாம் போய்விட்டது. வெம்பக்கோட்டை ரோட்டுப் பக்கம்தான் புகை. அவர் மனைவி வேலை பார்க்கும் ஆலையும் அந்தப் பக்கம்தான்.

கீழே வந்தேன். என் முகத்தைப் பார்த்தே அவருக்குப் புரிந்துவிட்டது. அப்பாவின் தலையில் தண்ணீர் ஊற்றினார். நுரை போகும்வரை ஊற்றினார். துவட்டினார். தூக்கிக் கட்டிலில் கிடத்தி, வேட்டி சுற்றி, விழுந்துபோன கைக்கு அடியில் தலையணையை வைத்தார். எதையும் அவசரமாகச் செய்யவில்லை. அதற்குப் பிறகுதான் நிமிர்ந்தார்.

"ஏலே, என்னைய என்ன பாத்துக்கிட்டு நிக்கெ? போலே!" என்று அப்பா கத்தினார். பிறகு என் பக்கம் திரும்பி, "வண்டிய எடு. இவனக் கூட்டிட்டுப் போ" என்றார்.

அப்பாவை என் வீட்டுக்காரியிடம் விட்டுவிட்டுக் கிளம்பினோம். பின்னால் உட்கார்ந்தவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். ஆம்புலன்ஸ் ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. தோளில் இருந்த அவர் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. மேடு பள்ளத்தில் வண்டி குலுங்குகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். நல்ல தார் ரோட்டிலும் நடுக்கம் நிற்கவில்லை. அந்தக் கைதான் கொஞ்ச நேரத்துக்கு முன்னால் என் அப்பாவைத் தாங்கிக்கொண்டிருந்தது. அப்போது அது துளிகூட ஆடவில்லை. ஆடியிருந்தால் அப்பா சரிந்திருப்பார்.

வளைவில் போலீஸ்காரர்கள் வண்டிகளை மறித்தார்கள். இறங்கி நடந்தோம். வேப்பமரத்தடியில் பெண்கள் கூட்டமாக நின்றார்கள். சேலைக்கு மேலே சட்டை போட்டு, செருப்பில்லாமல், அந்தக் கூட்டத்தில் அவர் மனைவியும் நின்றார். வெடித்தது பக்கத்து ஆலை.

அவர் போய் எதிரே நின்றார். கட்டிப்பிடிக்கவில்லை, அழவில்லை. "சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

அந்த அம்மா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்க இங்கன எதுக்கு வந்தீக? அண்ணாச்சிய யாரு பாத்துக்கிறா?" என்று சத்தம் போட்டார். பிறகுதான் அந்த அம்மாவுக்கு அழுகை வந்தது.

பக்கத்து ஆலை வாசலில் நின்றவர்கள் எல்லாருக்கும் அப்படி அமையவில்லை. அதை எழுத எனக்குத் தெம்பில்லை.

அவரை மனைவியோடு ஊருக்குப் போகச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அப்பா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வாசலையே பார்த்தபடி கிடந்தார். "அந்தம்மா நல்லா இருக்காங்க" என்றேன். அப்பா அழுதார். எனக்காக அவர் அழுது நான் பார்த்ததில்லை. உள்ளே அந்தப் பழைய எரிச்சல் மறுபடி எட்டிப் பார்த்தது. ஆனால் வேறு ஆள் பார்க்கும் பேச்சை அதற்குப் பிறகு நான் எடுக்கவே இல்லை.

மறுநாள் காலையில் அவர் வழக்கம்போல வேலைக்கு வந்தார். எனக்கும் அந்தப் பிடியைச் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டேன். கேட்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. "ஒரு கை அக்குளுக்குள்ள, ஒரு கை இடுப்புக்குப் பின்னால. ஒங்க முழங்கால அவுக முழங்காலோட முட்டுக் கொடுங்க. இறுக்காதீங்கண்ணே, தாங்குங்க" என்றார். நான் முயற்சி செய்தேன்.

"இவன் பிடிச்சா காலண்டருக்குத் தகரம் அடிக்கிற மாதிரி இருக்குலே!" என்றார் அப்பா. மூன்று பேரும் சிரித்தோம். அப்பா என்னை வைத்துச் செய்த முதல் கேலி அது.

இப்போது அவருக்கு லீவு உள்ள ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் அப்பாவைக் குளிப்பாட்டுகிறேன். "அவன் மாதிரி வராது" என்று ஒவ்வொரு முறையும் அப்பா சொல்லுவார். சொந்தக்காரர்கள் வந்து "வேலைக்கு ஆள் வெச்சிருக்கீகளாமே" என்று சாதாரணமாகக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. அவர்மேல் எனக்கு இன்னும் பொறாமை உண்டு. முன்பு அப்பா அவரிடம் சிரிப்பதைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். இப்போது, நெஞ்சுக்குள் அவ்வளவு நடுக்கத்தை வைத்துக்கொண்டு அடுத்தவர் அப்பாவை ஆடாமல் தாங்கிய அந்தக் கையைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன்.