கல்யாணக் காலையில் சூடேறாத ஓவன்

போன வாரம் மகள் வீட்டு மின்சார ஓவன் சூடேறவில்லை. விளக்கு எரிகிறது, தட்டு மட்டும் ஜில்லென்று இருக்கிறது. மகள் யாருக்கோ போன் பண்ணிவிட்டு டீ போடப் போய்விட்டாள். நான்தான் பதறிப்போய் ஓவன் கதவைத் திறந்து திறந்து பார்த்தேன். இந்த வயதில் இதற்கெல்லாமா பயம் என்று நீங்கள் சிரிக்கலாம். கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

அறுபதுகளின் தொடக்கம். கல்யாணமான புதிதில் நானும் என் வீட்டுக்காரரும் மலைச்சரிவிலுள்ள அடுக்கம் கிராமத்திலிருந்து கொடைக்கானலுக்கு ஏறினோம். ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர் அங்கே விருந்தினர் விடுதி நடத்திவந்தார். வீட்டுக்காரருக்குத் தோட்டவேலை, எனக்குச் சமையல், தங்கிக்கொள்ளப் பின்கட்டில் ஓர் அறை.

“ஓவன்ல கேக் போடத் தெரியுமாம்மா?”

“நல்லாத் தெரியும்ங்கம்மா.”

ஓவன் என்ற ஒன்றை நான் முதன்முதலாகப் பார்த்ததே அந்த நிமிடத்தில்தான்.

இடுப்புயர இரும்படுப்பு அது. ஒரு பக்கம் விறகு எரியும். மறுபக்கம் கதவு வைத்த பெட்டி, அதுதான் ஓவன். ஒரு கைப்பிடியைத் தள்ளினால் புகை ஓவனைச் சுற்றிக்கொண்டு மேலே போக வேண்டும். நான் தள்ளினால் புகை என் முகத்துக்கே வந்தது. அதனால் தொடாமலே விட்டுவிட்டேன். மூன்று மாதம் ஆப்பத்திலும் கட்லெட்டிலும் காலம் ஓடியது. ஆப்பம் எனக்கு நன்றாகவே வரும், பெருமைக்குச் சொல்லவில்லை.

பிறகு டீச்சரம்மாவின் தங்கை மகளுக்குக் கல்யாணம் வந்தது. பதினொரு மணிக்குச் சர்ச்சு, சாயந்திரம் விடுதியில் கேக் வெட்டு. வெள்ளனே எழுந்து, டீச்சரம்மா எழுதிக்கொடுத்த அளவுப்படியே வெண்ணெயும் சர்க்கரையும் அடித்து மாவு கலந்தேன். அடுப்பு மூட்டி ஒரு மணி நேரம் ஆயிற்று. மேலே வைத்த பானைத் தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது. ஓவனுக்குள் கையை விட்டால் குளிர்கிறது. கொஞ்சம் மாவைத் தகட்டில் தூவி உள்ளே வைத்துப் பார்த்தேன். சிவக்காமல் வெள்ளையாகவே கிடந்தது.

கைப்பிடியைத் தள்ளிப் பார்த்தேன், பழையபடி புகை முகத்துக்கே வந்தது. சாம்பலை வாரினேன். ஈரக் கட்டையை எடுத்துவிட்டுக் காய்ந்த கட்டை வைத்தேன். வீட்டுக்காரர் கூரையில் ஏறிப் பார்த்துவிட்டு, “சிம்னில அடைப்பு இல்ல புள்ள, புகை ஜோரா வருது” என்று கத்தினார். கலந்த மாவு காத்திருக்காது. இந்த வேலை போனால் அந்த அறையும் போகும். வயிற்றில் பிள்ளை வேறு.

அப்போதுதான் பட்டுச்சேலையும் மல்லிகையுமாக டீச்சரம்மா உள்ளே வந்தார்.

“என்னம்மா, வாசனையே வரல?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. “எனக்கு ஓவன் தெரியாதுங்கம்மா. சோலி வேணும்னு பொய் சொல்லிட்டேன்.”

அவர் என்னைப் பார்த்தார், ஓவனைப் பார்த்தார். “நல்லா மாட்டிவிட்ட போ. எனக்கும் தெரியாது. எல்லாம் பழைய குக்குதான் பாத்துக்குவான்.”

சொல்லிவிட்டுச் சேலையை இழுத்துச் செருகினார். கைப்பிடியைத் தள்ளினால் புகை திரும்பி வருவதைச் சொன்னேன். “அப்ப சுத்திப் போற வழிதான் அடைச்சிருக்கு” என்றார். இருவரும் மண்டியிட்டுத் தேடினோம். ஓவனுக்கு அடியில், துருவேறிய சின்ன மூடி ஒன்று. எரியும் கட்டைகளை வாளியில் எடுத்து வெளியே வைத்துவிட்டு, கரண்டிக் காம்பால் நெம்பினேன். மூடி திறந்ததும் உள்ளே கல்லாக இறுகிய கரி. சுரண்டச் சுரண்ட இரண்டு முறம் வந்தது. டீச்சரம்மாவின் மூக்கெல்லாம் கறுப்பு.

மறுபடி மூட்டி, பயந்துகொண்டே கைப்பிடியைத் தள்ளினேன். புகை திரும்பவில்லை. கால்மணி நேரத்தில் தகட்டு மாவு சிவந்தது. “வெரசா வைம்மா!” என்று சொல்லிவிட்டு, முகம் கழுவி வேறு சேலை மாற்றிக்கொண்டு அவர் சர்ச்சுக்கு ஓடினார்.

கேக் நடுவில் குழிந்துதான் வந்தது. குழியில் சர்க்கரைப்பாகில் வேகவைத்த பேரிக்காயை நிரப்பினேன். கல்யாணப்பெண், “இது என்ன பெரியம்மா?” என்று கேட்டாள்.

“இப்ப இதுதான்டி புது மோஸ்தர்” என்றார் டீச்சரம்மா, என் பக்கம் திரும்பாமலே.

பதினாறு வருடம் அங்கே இருந்தேன். அந்தப் பொய்யை அவர் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை.

அவர் போய்ச் சேர்ந்தார், வீடு கைமாறியது, இரும்படுப்பு பழைய இரும்புக்குப் போனது. வீட்டுக்காரரும் இப்போது இல்லை. இரண்டு வருடம் முன்பு அங்கே போனேன். ஏழு மாடி ஓட்டல் நிற்கிறது, அடுக்களை இருந்த இடத்தில் கார்கள். வாசலில் காவல்காரர் மரியாதையாகத்தான் கேட்டார்: “யாரைப் பாக்கணும்மா?”

“இங்க ஒரு அடுக்களை இருந்துச்சுய்யா” என்று கார்கள் நிற்கும் இடத்தைக் காட்டினேன்.