கம்ப்யூட்டருக்குள் இருந்த நீல ரவிக்கை

போன செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே கால் மணிக்கு என் கம்ப்யூட்டர் நாலாவது முறையாகத் தானே அணைந்தது. கரண்ட் போகவில்லை. தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. திரை மட்டும் கறுப்பு.

அதற்குள்ளே இருந்தது என் ஆறு வருஷ உழைப்பு.

பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சராக இருந்துகொண்டு, நாற்பத்து நாலு வயதில் பி.எச்டி. முடிக்கப் பார்க்கிறவள் நான் என்பது உங்களுக்குத் தெரியும். எத்தனை வாரம் இந்தப் பக்கத்தில் புலம்பியிருக்கிறேன்! நாஞ்சில் நாட்டு விடுகதைகள் பற்றிய ஆய்வு. இருநூற்றெண்பது பக்கம். பிரிண்ட் எடுத்து, பைண்ட் செய்து, வெள்ளிக்கிழமைக்குள் யூனிவர்சிட்டியில் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை அவகாசம் வாங்கியாயிற்று. மூன்றாவது கிடையாது என்று எழுத்திலேயே சொல்லிவிட்டார்கள்.

பிளாப்பியில் காப்பி எடுத்து வைக்கவில்லையா என்று கேட்பீர்கள். வைத்திருந்தேன். நம் ஊர் மழைக்குப் பிளாப்பியும் பூஞ்சை பிடிக்கும் என்று யார் கண்டது? புதுப் பிளாப்பி வாங்கிப் போட்டால், டிரைவ் அதைப் படிக்க மறுத்தது. சரி, நேராகப் பிரிண்ட் எடுக்கலாம் என்றால்... முதலில் பத்து நிமிஷம் ஓடிய கம்ப்யூட்டர், பிறகு ஏழு நிமிஷம், அன்றைக்கு நாலே நிமிஷம். ஃபைல் திறந்து தமிழ் எழுத்து கண்ணில் படுவதற்குள் கறுப்பு.

மலையாளமும் தமிழும் கலந்து பேசுகிற சர்வீஸ்காரர் ஒருவர் வந்தார். சுவிட்சைப் போட்டார். அணைந்ததும் தலையை ஆட்டினார்.

"மதர்போர்டு போயி, டீச்சரே. எடுத்துக்கிட்டுப் போகணும். ரெண்டு வாரம் ஆகும்."

"எனக்கு வெள்ளிக்கிழமை வேணுமே?"

"அது கஷ்டமாணு," என்றவர், நாளைக்கு ஆட்டோவோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

நான் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் தேவலை.

அதே அறையின் மறு மூலையில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. என் கணவரின் அக்கா, ராஜம். எங்களோடுதான் இருக்கிறார். ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவில் பாதிப் பேர் அக்கா தைத்த ரவிக்கைதான் போடுகிறார்கள். மெஷின் நின்றது.

"ஏன் லலிதா, அது அணையறதுக்கு முன்னாலே உறுமறதே, கேட்டியா?"

"உறுமறதா?"

"நாலஞ்சு நாளா கேக்கறேன். உள்ளே என்னமோ சுத்த முடியாம திணர்றது. என் மெஷின்லே பிசிறு அடைஞ்சா இதே மாதிரியாக்கும்."

எழுந்து போய்க் கம்ப்யூட்டரின் பின்பக்கத்தில் கை வைத்தேன். வெடுக்கென்று எடுத்துவிட்டேன். அத்தனை சூடு.

"அக்கா, தொறந்து பாக்கலாமா?"

"பின்னே? போனது இன்னும் போகவா போறது?"

எல்லா ஒயரையும் பிடுங்கி, பெட்டியைத் தரையில் கிடத்தினோம். ஸ்க்ரூக்களை அக்கா ஒவ்வொன்றாகக் கழற்றிப் பொத்தான் டப்பாவின் மூடியில் போட்டார். அந்த நேரம் பார்த்து என் கணவர் பாங்கிலிருந்து சாப்பாட்டுக்கு வந்து சேர்ந்தார். கம்ப்யூட்டரின் வயிறு பாதி திறந்திருப்பதைப் பார்த்து வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"தெரியாத சாமானிலே கை வைக்கறேளே... ஷாக் அடிச்சா நான் ஆபீஸ்லே என்ன சொல்றது?"

"லீவு லெட்டர் எழுது. அந்தண்டை போடா, வெளிச்சத்தை மறைக்கறாய்," என்றார் அக்கா.

பக்கத் தகடு கழன்று வந்தது. மூன்று பேரும் குனிந்து பார்த்தோம்.

உள்ளே ஒரு மெத்தை இருந்தது. நிஜமாகவே மெத்தை – அழுத்தினால் அமுங்குகிற, அடுக்கடுக்கான தூசி. நடுவில் இருந்த சின்ன விசிறி அதற்குள் புதைந்து கிடந்தது. சாம்பிராணி வாசனை வேறு. பூஜை அலமாரிக்கு நேர் கீழே கம்ப்யூட்டரை வைத்த புத்திசாலி நான்தான்.

அக்கா ஒரு விள்ளலை விரலால் எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்தார். சாம்பல் நிறத்துக்கு நடுவே நீலமாக ஒரு கோடு.

"இது நம்ம தெருக் கோமதி பொண்ணு கல்யாணத்துக்குத் தச்ச ரவிக்கைத் துணியோன்னோ..."

அதற்குக் கீழே மஞ்சள். அதற்கும் கீழே அரக்கு. அக்கா வெட்டின துணியின் பிசிறெல்லாம் காற்றோடு போய், அங்கே ஒழுங்காகப் படிந்திருந்தது. அக்காவின் முகம் சுருங்கிவிட்டது.

"உன் படிப்பைக் கெடுத்தது நானாக்கும், லலிதா?"

"சாம்பிராணி போட்டது நான். பாதிப் பாதி வெச்சுக்கலாம்," என்றேன்.

பிறகு ஒரு மணி நேரம் வேலை. தையல் மெஷினைத் துடைக்கிற பிரஷ்ஷால் அக்கா தூசியைக் கிளறக் கிளற, நான் சைக்கிள் பம்பால் காற்றடித்தேன். விசிறியைக் கழற்றினால், அடியில் சீப்புப் பற்கள் மாதிரி உலோகத் தகடுகள், இடுக்கெல்லாம் பிசிறு. அதை ஊசி முனையால் எடுத்தார் அக்கா. பிளாப்பி டிரைவுக்குள்ளிருந்து ஒரு பிசிறு உருண்டை வந்தது. விசிறியை விரலால் தட்டினேன். அது பாட்டுக்குச் சுற்றியது.

எல்லாவற்றையும் மாட்டி, சுவிட்சைப் போட்டேன்.

பீப்... பீப்... பீப்...

திரையில் ஒன்றும் இல்லை. என் கணவர், "நான் அப்பவே..." என்று ஆரம்பித்து, அக்காவின் பார்வையைக் கண்டு நிறுத்திக்கொண்டார். இருந்த நாலு நிமிஷத்தையும் நானே தொலைத்துவிட்டேனா?

மறுபடி பிளக்கைப் பிடுங்கி, டார்ச் அடித்து, இடதிலிருந்து வலம் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பரீட்சைப் பேப்பர் திருத்துகிற கண், இதில் மட்டும் தப்பு விடுமா? நீளமாக ஒரு பட்டை. மெமரி என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அதன் ஒரு முனை மட்டும் மயிரிழை தூக்கலாக நின்றது. பிரஷ் பட்டு நகர்ந்திருக்க வேண்டும். அதை வெளியே எடுத்து, பித்தளை நிறப் பற்களை என் ரப்பரால் தேய்த்து, திரும்ப வைத்து இரண்டு கட்டை விரலாலும் அழுத்தினேன். 'க்ளிக்' என்றது.

சுவிட்ச். ஒரே ஒரு பீப். திரையில் வெளிச்சம்.

மூவரும் சுவர்க்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். நாலு நிமிஷம். ஏழு. பத்து. இருபதாவது நிமிஷத்தில் என் கணவர் மெதுவாக, "சாதம் ஆறிப்போறது," என்றார். நாற்பதாவது நிமிஷத்தில்தான் நான் மூச்சே விட்டேன். புதுப் பிளாப்பியைப் போட்டேன்; வாங்கிக்கொண்டது. மூன்று காப்பி எடுத்தேன்.

மறுநாள் ஆட்டோவோடு வந்த சர்வீஸ்காரர், நிற்காமல் பக்கம் பக்கமாகத் துப்பிக்கொண்டிருந்த பிரிண்டரைப் பார்த்தார். "ஆரு செய்தது?" என்று கேட்டார். அக்கா தையலிலிருந்து தலையைத் தூக்காமல், "நாங்களாக்கும்," என்றார். அந்த ஒரு சொல்லைக் கேட்க நான் இன்னும் பத்து மெத்தையைச் சுத்தம் செய்வேன்.

ஆறு வருஷம் விடுகதைக்கு விடை தேடியவள் நான். என் மேஜை மேலேயே ஒன்று நாலஞ்சு நாளாக உறுமிக்கொண்டிருந்தது, காதில் விழவில்லை. பழுது என்று ஒருவர் சொன்னதும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறோம், இல்லையா? ஒரு தரம் திறந்து பார்த்தால்தான் என்ன?

வெள்ளிக்கிழமை, மூன்று மணிக்கு, ஐந்து பிரதிகளையும் கொடுத்துவிட்டு ரசீதோடு வெளியே வந்தேன்.

நன்றியுரையில் கடைசி நேரத்தில் ஒரு பெயரைச் சேர்த்திருக்கிறேன் – என் பேராசிரியருக்கு அடுத்தபடியாக, 'தையற்கலைஞர் ராஜம்'. விடுகதை ஆராய்ச்சியில் தையற்கலைஞருக்கு என்ன வேலை என்று வாய்மொழித் தேர்வில் கேட்கட்டுமே... பதில் தயாராக இருக்கிற ஒரே கேள்வி அதுதான்.