பெயருக்கு முன்னால் மணி

"மன்னிப்புக் கடிதம் ஒண்ணு அடிச்சுக் குடுங்க சயாமா. பெரிய மனசு பண்ணி எம்புருசன விட்டுடச் சொல்லி."

பர்மாவில், பபேடான் கடைத்தெருவின் நடைபாதையில், தட்டச்சு இயந்திரத்துக்கு முன்னால் ஜெயகுமாரி அழுதுகொண்டு நின்றாள். துணிக்கடையில் பொதி சுமக்கும் அவள் கணவன் சொக்கனை, இரண்டு கட்டுத் துணி காணவில்லையென்று முந்தின நாள் போலீஸ் பிடித்துப் போயிருந்தது.

மனு அடித்தே முப்பது வருஷம் ஓட்டியவள், பர்மிய மரியாதையில் 'டோ' என்றும் 'சயாமா' என்றும் அழைக்கப்படும் கமலாட்சி, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

"திருடினானா?"

"சத்தியமா இல்ல!"

"அப்பறம் எதுக்குடி மன்னிப்பு? எத்தன மணிக்குப் புடிச்சாங்க?"

"நேத்துக் காலைல பதினொண்ணு."

இப்போது பத்தேகால். கமலாட்சியின் மனுக்களில் பெயருக்கு முன்னால், பிடித்த மணிதான் வரும். பிடித்தவனை இருபத்துநாலு மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்தவேண்டும் என்பது சட்டம்.

அந்தச் சட்டத்தின் வேரை, ஒரு வக்கீலுக்காகப் பழைய புத்தகம் ஒன்றைப் பிரதியெடுத்தபோதுதான் அவள் கண்டாள். எண்ணூறு வருஷத்துக்கு முன், இங்கிலாந்தின் ஆற்றங்கரைப் புல்வெளி ஒன்றில், பிரபுக்கள் அரசனை மடக்கி வாங்கிய சாசனம்: சட்டப்படி தீர்ப்பில்லாமல் சுதந்திர மனிதன் எவனையும் சிறைபிடிக்கக் கூடாது. தங்களுக்காகத்தான் வாங்கினார்கள், பாவிகள்! பண்ணையடிமைக்கு அதில் பங்கில்லை. கப்பலேறி வந்த வெள்ளைக்காரனும் இங்கே வேண்டியபோதெல்லாம் அதை மறந்தான். ஆனாலும் அந்த ஒரு வரியை அடிக்கும்போது அவள் கண்ணீர் காகிதத்தில் விழுந்தது.

சொக்கனுக்கான மனுவை அடித்து முடித்து, அதன் இரண்டு பிரதிகளோடு காவல் நிலையத்துக்கு அவளே நடந்தாள்.

"என்ன சயாமா, வக்கீலாயிட்டீங்களா?" பர்மியில் கேட்டுச் சிரித்தார் அதிகாரி.

"வெறும் டைப் அடிக்கிறவதான் சயா. மனு எத்தன மணிக்குக் கெடச்சதுன்னு நகல்ல எழுதிக் கையெழுத்துப் போடுங்க. போதும்."

"நாளைக்கு வாங்க."

"வர்றேன். அப்ப நாளைக்கு மணியத்தான் எழுதணும். பரவால்லியா?"

பத்து முப்பத்தைந்து. கமலாட்சி நகலை அதிகாரியின் முன்னால் நகர்த்தினாள். காகிதத்தின் மேல் தொங்கிய அவர் பேனா இறங்கவில்லை. எழுதினால், பதினொரு மணிக் கெடு தெரிந்தும் பிடித்துவைத்ததற்குத் தானே சாட்சி என்பது அவருக்குத் தெரியும். பேனாவை மூடினார்.

"அந்த ஆள கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கப்பா!"

ஆதாரம் எங்கே என்று நீதிபதி கேட்டார். போலீஸிடம் இல்லை. நண்பகல் வெயிலில் விடுதலையாகி வந்த சொக்கன், தட்டச்சு மேசையடியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

"எந்திரி தம்பி! எனக்கெதுக்குக் கும்பிடு? ஒன்னோடதத்தான் வாங்கித் தந்தேன்."

சொல்லிவிட்டு, கலங்கிய கண்ணை மறைக்க, கண்ணாடியை நெடுநேரம் துடைத்தாள் கமலாட்சி.