வலதுபக்கத்துச் சீட்டு

'கிரீச்...' என்று பக்கத்துக் கொட்டகையிலிருந்து சத்தம் கேட்டது.

அடுக்களையில் எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டிருந்த காவேரியின் கை அப்படியே நின்றுவிட்டது. வேனின் பக்கக் கதவைத் தள்ளித் திறக்கிற சத்தம் அது. அந்தச் சீமை வண்டியின் கதவு நம் ஊர் வண்டிகளைப் போல வெளியே விரியாது. பின்பக்கமாக ஓடும். ஓடும்போது இப்படி ஒருமுறை கத்தும். அந்தக் கத்தலைக் கேட்டு எத்தனை பிள்ளைத்தாய்ச்சிகள் 'அப்பாடா, வண்டி வந்துருச்சு' என்று மூச்சு விட்டிருக்கிறார்கள்! ஆனால் இன்றைக்கு அதைத் திறப்பது சேலத்திலிருந்து வந்திருக்கும் சுங்கத்துறை இன்ஸ்பெக்டர் கோவிந்தராஜ்.

பாவம், அவரும் மனிதர்தானே. ஏற்காட்டு மலையின் இருபது கொண்டை ஊசி வளைவையும் பஸ்ஸில் கடந்து கிளியூர் வந்து சேர்வதற்குள் மூன்று முறை ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிவிட்டார். வாசலில் வந்து நின்றவர் வண்டியைக் கேட்கவில்லை. "அம்மா, புளிப்பா ஏதாச்சும் குடிக்கக் குடுங்க" என்றுதான் முதலில் கேட்டார். தனக்குள்ளேயே சிரித்துக்கொண்டுதான் காவேரி பழத்தை நறுக்கினாள்.

"ஏம்ப்பா அங்கப்பா!" கொட்டகையிலிருந்து அவர் குரல் உயர்ந்தது. "இதென்னப்பா கூத்து? இடது பக்கம் இருக்க வேண்டிய ஸ்டீரிங் வலது பக்கம் இருக்குது?"

"ஆமாங்க சார்," என்றான் அவள் கணவன் அங்கப்பன். அந்தக் குரலில் இருந்த பெருமையைக் கேட்டதும் காவேரி பழத்தை வைத்துவிட்டு நடுக்கதவருகே வந்தாள். "நானே மாத்திப்போட்டனுங்க. நாலு ஞாயித்துக்கெழமை புடிச்சுதுங்க."

"மாத்திட்டியா? அட, கெடுத்தியே காரியத்த!"

அந்த வேன் அவர்களுக்கு வெறும் தகரமும் சக்கரமுமா? அதைச் சொல்ல வேண்டுமென்றால் பதினோரு வருஷம் பின்னால் போக வேண்டும்.

அப்போது அங்கப்பன் எஸ்டேட் லாரி ஓட்டினான். ஒரே மகள் செல்விக்கு நாலு வயது. மூன்று நாள் காய்ச்சல் ஒரு நடுப்பகலில் ஜன்னியாகத் திரும்பியது. அந்த நேரத்துக்கு பஸ் இல்லை. காப்பி மூட்டை ஏற்றிய லாரியிலேயே குழந்தையை எடுத்துக்கொண்டு சேலத்துக்குப் புறப்பட்டார்கள். மூட்டைகளின் மேல் ஏழு கூலியாட்கள். காவேரியின் மடியில் குழந்தை. பதினோராவது வளைவு திரும்பும்போது அந்தச் சின்ன மார்பு ஏறி இறங்குவது நின்றுபோனது.

காவேரி கத்தவில்லை. முந்தானையை இழுத்துக் குழந்தையின் முகத்தில் வெயில் படாமல் மறைப்பதைப் போல மூடிக்கொண்டாள்.

"புள்ள தூங்குதா?" என்று அவன் ஒவ்வொரு வளைவிலும் கேட்டான்.

"தூங்குதுங்க. நீங்க ரோட்டப் பாருங்க."

அடிவாரத்தில் லாரி நின்ற பிறகுதான் அவள் வாய் திறந்து கதறினாள். அவன் தலையில் அடித்துக்கொண்டான். "ஏன் புள்ள, அங்கயே சொல்லல?"

"சொன்னா உங்க கை நடுங்கியிருக்குமுங்க. மேல ஏழு பேரு ஒக்காந்திருந்தாங்க."

பெற்ற வயிறு பற்றி எரியும்போது ஏழு பேருடைய உயிரை எண்ணிப் பார்த்த தாயை எந்தக் கோயிலில் வைத்துக் கும்பிடுவது! அதன் பிறகு அவளுக்குக் குழந்தை தங்கவில்லை. எங்காவது ஒரு வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று காதில் விழுந்தால், அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது.

அப்படி இருந்த மலைக்குத்தான் ஒருநாள் ஹில்டா அம்மா வந்து சேர்ந்தார். ஜெர்மனியில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கடல் தாண்டவில்லை. ஏழெட்டு தேசங்களைத் தரைவழியாகவே தாண்டி, தன்னந்தனியாக அந்த வேனை ஓட்டிக்கொண்டு வந்தார். உள்ளே படுக்கை, மருந்துப் பெட்டி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உண்டு. கொட்டச்சேட்டுக்குப் போகும் வழியில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, எஸ்டேட் ஜனங்களின் புண்ணுக்கும் காய்ச்சலுக்கும் மருந்து போட ஆரம்பித்தார். முழங்கால் வலி வந்து மலைப்பாதையில் ஓட்ட முடியாமல் போனதும், லாரி வேலையை விட்டுவிட்டு வரும்படி அங்கப்பனை அழைத்துக்கொண்டார்.

வண்டியில் ஒரே ஒரு சங்கடம். அதன் ஸ்டீரிங் இடதுபக்கம். சாலையின் ஓரத்தில் உட்கார்ந்து ஓட்டுகிறவனுக்கு முன்னால் போகிற பஸ்ஸின் முதுகுதான் தெரியும். எதிரே வருகிறவன் எமனா மனிதனா என்று தெரியாது. அதனால் காவேரி வலதுபக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே கழுத்தை நீட்டி, "வருது, நில்லுங்க" என்பாள். பாதை காலியானதும் "போலாமுங்க" என்பாள். அந்த ஒரு வார்த்தைக்காக அவன் கால் காத்திருக்கும்.

"ஏ அங்கப்பா, ஸ்டீரிங்கு மட்டும் உங்கிட்ட, வண்டி என்னவோ காவேரிகிட்டத்தான் போல!" என்று டீக்கடைக்காரர் மரியஅந்தோணி கேலி செய்வார்.

"வண்டி என்னுங்க, வீடே அவகிட்டத்தான்" என்பான் இவன்.

சில்வர் ஓக் மரத்தில் மிளகு பறிக்க ஏறி விழுந்தவன், சேர்வராயன் கோயில் திருவிழாக் கூட்டத்தில் மயங்கியவள், பாம்பு தீண்டிய பெண், பனிக்குடம் உடைந்த பெண் என்று எத்தனையோ உயிர்களை அந்த இருவரும் கீழே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஒவ்வொரு முறையும் பதினோராவது வளைவில் காவேரி திரும்பிப் பின்சீட்டைப் பார்ப்பாள். மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பாள். ஏறி இறங்கினால் போதும், அவளுக்குச் செல்வி சிரித்தது போல இருக்கும்.

போன வருஷம் ஹில்டா அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போய் விமானத்தில் ஊருக்கு அனுப்பினார்கள். 'வண்டி இந்த மலைக்கு. அங்கப்பன் வைத்துக்கொள்ளட்டும்' என்று கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போனார். மூன்று மாதத்தில் அவர் கண் மூடிய செய்தி வந்தது. ஆனால், மனிதருக்குப் பாஸ்போர்ட் போல அந்த வண்டிக்கும் ஒரு நீலப் புத்தகம் இருந்தது. வெளிநாட்டு வண்டி, கொஞ்ச காலம் தங்கிவிட்டுத் திரும்பிப் போய்விடும் என்ற உறுதியின் பேரில் எல்லையில் அதை உள்ளே விட்டிருந்தார்கள். விற்கவோ தானம் கொடுக்கவோ அந்த அம்மாவுக்கே உரிமை கிடையாது. இது அங்கப்பனுக்கு எங்கே தெரியும்?

வண்டிக்கு நம் ஊர் நம்பர் வாங்கப் போனான். போக்குவரத்து ஆபீசில் ஒரு குமாஸ்தா எட்டிப் பார்த்து, "இடது பக்க ஸ்டீரிங்குக்கு நம்பர் கிடையாது" என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பிவிட்டார். எஸ்டேட்டில் வளர்ந்தவனுக்கு ஒரு பழக்கம். கணக்கெழுதும் ரைட்டர் ஒரு குறை சொன்னால் வேறு குறை உண்டா என்று எதிர்க்கேள்வி கேட்கக் கூடாது. சொன்னதைச் சரிசெய்துவிட்டுப் போய் நிற்க வேண்டும். அங்கப்பன் அதைத்தான் செய்தான். பழைய இரும்புக் கடையில் கிடந்த ஒரு வேனிலிருந்து சாமான் கழற்றி வந்து, ஸ்டீரிங்கை, பெடல்களை எல்லாம் வலதுபக்கம் மாற்றினான்.

அன்றிலிருந்து காவேரி இடதுபக்கம் உட்கார்ந்தாள். அங்கிருந்து பாறையும் பள்ளமும்தான் தெரியும். ஆனாலும் பழக்கதோஷம், வளைவு வந்தால் வாய் தானாக "போலாமுங்க" என்றுவிடும். "என்னத்தப் பாத்துச் சொல்ற? குரங்கப் பாத்தா?" என்று அவன் சிரிப்பான். அவளும் சிரிப்பாள். உள்ளுக்குள் மட்டும் ஏதோ ஒன்று கழன்றுவிட்டது போல இருக்கும்.

இப்போது தம்ளரை எடுத்துக்கொண்டு அவள் நடுக்கதவைத் தாண்டிக் கொட்டகைக்குள் போனாள். அங்கப்பன் வேனின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தான், மிரண்ட மாட்டைத் தட்டிக் கொடுப்பதைப் போல.

கோவிந்தராஜ் சாற்றை ஒரே மூச்சில் குடித்தார். பிறகு அங்கப்பனைப் பார்த்து மெதுவாகப் பேசினார். "இங்க பாருப்பா. ஒரு ஆபீஸ் சொன்னத நீ செஞ்சிட்ட. எங்க ஆபீஸ் சட்டம் வேற. உள்ள வந்த வண்டி வந்த மாதிரியே வெளிய போகணும், ஒரு போல்ட் மாறக் கூடாது. நீ முதுகெலும்பையே மாத்தி வச்சிருக்க. போதாததுக்கு ஓட்டியும் இருக்க."

"தெரியாமப் பண்ணிப்போட்டனுங்க சார். எறக்குமதி லைசென்ஸ் கேட்டு மெட்ராசுக்குக்கூட எழுதிப் போட்டனுங்க. தனியாளு சீமை வண்டிய எறக்க அனுமதி இல்லைன்னுட்டாங்க."

"கிடைக்காது. சட்டம் அப்படி. அந்தக் கடுதாசியப் பாத்துத்தான் என்னை இங்க அனுப்பியிருக்காங்க." அவர் கொஞ்சம் தயங்கினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நான் ஒண்ணு சொல்றேன். நான் இன்னைக்கு வந்தேன், கொட்டகை பூட்டியிருந்துச்சுன்னு எழுதிக்கறேன். பத்து நாள் கழிச்சு வர்றேன். அதுக்குள்ள ஸ்டீரிங்க பழையபடி இடது பக்கம் வச்சிரு. உம்மேல கேஸ் கெடையாது. வண்டி மெட்ராஸ் துறைமுகம் போய்க் கப்பல் ஏறிடும்."

அங்கப்பனின் முகத்தில் உயிர் வந்தது. கேஸ் இல்லை! டிரைவர் லைசென்ஸுக்கு ஆபத்தில்லை! அவன் கைகளைக் கூப்பப் போனான்.

"ஏனுங்க சார்," என்றாள் காவேரி. "கப்பல் ஏறுனா அங்க ஆரு ஓட்டுவாங்க?"

"யாரும் ஓட்ட மாட்டாங்கம்மா. அந்த அம்மாதான் இல்லியே. உடைச்சுப் போடுவாங்களோ என்னவோ."

"சரீங்க. மாத்தாம இப்படியே இருந்தா?"

"பறிமுதல்தான். உன் வீட்டுக்காரர் தான்தான் மாத்துனேன்னு வாக்குமூலம் எழுதிக் கையெழுத்துப் போடணும். அபராதம் விழும். கோர்ட்டுக்கு நடக்க வேண்டியிருக்கும்."

"பறிமுதல் பண்ணுன வண்டி ஆருக்குப் போகுமுங்க?"

கோவிந்தராஜ் அவளை அப்போதுதான் நன்றாகப் பார்த்தார். "சர்க்காருக்கும்மா. ஏலம் விடுவாங்க. இல்லேன்னா ஏதாவது சர்க்கார் இலாகா கேட்டா ஒதுக்கிக் குடுப்பாங்க."

"எங்க ஏற்காட்டு ஆஸ்பத்திரியும் சர்க்கார் ஆஸ்பத்திரிதானுங்களே?"

தகரக் கூரையில் மரத்திலிருந்து ஏதோ காய் விழுந்து உருண்டது.

"நான் பரிந்துரை எழுதலாம்," என்றார் அவர் கடைசியில். "நெசமா எழுதறேன். உறுதி சொல்ல முடியாது. ஆனா ஒண்ணு, சர்க்கார் வண்டிய சர்க்கார் டிரைவர்தான் ஓட்டுவான். இவர் ஓட்ட முடியாது."

அங்கப்பன் வேனின் கதவைப் பிடித்துக்கொண்டான். "எவனோ ஒருத்தனா, காவேரி? வண்டி கத்தற எடம் அவனுக்குத் தெரியுமா? எந்த வளைவுல எவ்வளவு ஒடிக்கணும்னு தெரியுமா? நாம பெத்த புள்ளையாட்டம்..."

"பெத்த புள்ளைய நம்ம மடியிலயேதான வச்சிருந்தோம்," என்றாள் காவேரி. "காப்பாத்த முடிஞ்சுதுங்களா?"

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். பாதை தெரியாத வளைவில், இடதுபக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்த அதே பார்வை. எதிரே என்ன வருகிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது.

கண்ணீர் வழிய, குரல் மட்டும் நடுங்காமல், காவேரி சொன்னாள்:

"போலாமுங்க."

அங்கப்பன் பேனாவை வாங்கினான். தான்தான் மாற்றியதாகக் கோவிந்தராஜ் எழுதிய தாளில் எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டான். அவர் இன்னொரு தாளை எடுத்து, தம்ளரை நகர்த்தி வைத்துவிட்டு, பரிந்துரையையும் அங்கேயே எழுதி இருவருக்கும் படித்துக் காட்டினார். 'ஏற்காடு அரசு மருத்துவமனை' என்ற இடத்தை மட்டும் இரண்டு முறை படித்தார். பிறகு வேனின் கதவுகளில் கம்பி முறுக்கி, அரக்கு உருக்கி, முத்திரை வைத்தார். அதற்கு முன் பக்கக் கதவைச் சாத்தியபோது அது கடைசியாக ஒருமுறை கத்தியது. காவேரி காதைப் பொத்திக்கொள்ளவில்லை. முழுசாகக் கேட்டாள்.

"நாளைக்கு எங்க ஆள் வந்து எடுத்துட்டுப் போவாரும்மா," என்றார் அவர், சாவியை உறைக்குள் போட்டுக்கொண்டே.

"சார்," என்றான் அங்கப்பன். "மூணாவது கியரு கொஞ்சம் மொரண்டு பண்ணுமுங்க. அதட்டக் கூடாது, மெதுவாத் தள்ளணும். அதுமட்டும் ஓட்டறவர்கிட்டச் சொல்லிப்போடுங்க."

"சொல்றேம்ப்பா."

"கண்டிப்பாச் சொல்லுங்க."

"எழுதியே வச்சிர்றேன்." கோவிந்தராஜ் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். காவேரியைப் பார்த்துக் கைகூப்பினார். காவேரி ஓடிப்போய் இரண்டு எலுமிச்சம்பழம் எடுத்து வந்து அவர் கையில் வைத்தாள்.

"எறங்கும்போது மோந்துட்டே போங்க. கொமட்டாது. பதினோராவது வளைவுதான் நொம்ப மோசம்."

தூரத்தில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. அவர் காப்பிச் செடிகளுக்கு நடுவே சரிந்து இறங்கும் பாதையில் வேகமாக நடந்தார். அவர் தலை மறையும் வரைக்கும் இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அங்கப்பன் கொட்டகையின் ஒரு கதவைப் பிடித்தான். காவேரி மறு கதவைப் பிடித்தாள். இரண்டையும் சேர்த்துச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்கள்.