மாற்றித் தரக் கேட்ட கேசட்

டிப்ளமோ முடித்து, ஸ்ரீபெரும்புதூர் அருகே ரேடியோ பாகங்கள் செய்யும் கம்பெனியில் சோதனைப் பிரிவில் சேர்ந்த புதிது. பள்ளி நாளிலிருந்தே நான் உயிராக நினைத்த பாடகர், பல வருடங்களுக்குப் பிறகு புதுக் கேசட் வெளியிட்டிருந்தார். ஆசையாக வாங்கி வந்து போட்டேன். குரல் கனத்து, வரிக்கு வரி மூச்சு வாங்கியது.

டேப் ரெக்கார்டரில்தான் கோளாறு என்று முடிவு செய்தேன். ஹெட்டைத் துடைத்தேன், பெல்ட்டை மாற்றினேன், மோட்டார் வேகத்தைச் சரிபார்த்தேன். அவருடைய பழைய கேசட்டுகள் கணீரென்று பாடின. புதியது மட்டும் அப்படியே இருந்தது. மறுநாள் அதை மாற்றித் தரச் சொல்லிக் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் புதிதாக ஒன்றைப் பிரித்துப் போட்டார். அதிலும் அதே குரல்.

“இன்னாம்மா, கடையில கீற அத்தனையும் பிரிச்சாலும் இதான். அவருக்கு வயசாயிடிச்சி. அதுக்கு கேசட்டு இன்னா பண்ணும்?” என்று சிரித்தார். “புதுப் பையன் ஒருத்தன் சோக்கா பாடிக்கீறான். அத்த எடுத்துக்கினு போறியா?”

சரி என்று தலையாட்டப் போனேன். அதற்குள் பாட்டு உச்சியை நெருங்கியது. முன்பெல்லாம் அநாயாசமாக ஏறும் அந்தக் குரல் பாதியில் நின்று, ஒரு மூச்சு எடுத்து, எட்டிய இடத்திலேயே மென்மையாகப் பாடியது. அவர் எதையும் மறைக்கவில்லை. அந்தக் குரலைத்தான் நான் ஸ்க்ரூ டிரைவரை வைத்துக்கொண்டு இளமையாக்கப் பார்த்திருக்கிறேன்.

“வேணாண்ணா, என்னோடதையே குடுங்க” என்றேன்.

அதில் இரண்டு பாட்டுகள் இன்றும் எனக்குப் பிடிக்காது. ஆனாலும் கேட்கும்போது அவற்றைத் தாண்டி ஒருநாளும் ஓட்டியதில்லை.