திருநீற்றில் ஊற்றிய வினிகர்

என் சம்பந்தி கோயிலுக்குச் செய்து கொடுத்த திருநீறு வெறும் சுண்ணாம்புக்கல் தூள் என்று கமிட்டி முன்னால் சொன்னவன் நான். அது உண்மையில்லை. தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று எழுதினால் படிப்பவர்கள் மன்னித்துவிடக்கூடும். ஆனால் எனக்குத் தெரியாமல் போன அந்த விஷயத்தைத்தான் பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் படிவத்தில் வேதியியல் ஆசிரியராகக் காலமெல்லாம் பாடம் நடத்தினேன். அதற்குத்தான் இன்றும் பென்ஷன் வருகிறது.

சம்பந்தி, என் மருமகனின் அப்பா. நான் இருப்பது அசாம் ஜாவா என்ற சின்ன ஊரில். அங்கிருந்து மோட்டார் சைக்கிளில் கொஞ்ச தூரம் போனால், ரப்பர் போய்ச் செம்பனை வந்த தோட்டத்தின் ஓரத்தில் அவர் மாட்டுக்கொட்டகை. முன்பு தோட்டத்து லோரி ஓட்டினார், பிறகு மாடுகள். சிவராத்திரி வந்தால் காய்ந்த சாண உருண்டைகளை உமிக்குள் புதைத்து மூட்டம் போடுவார். உமி சுங்கை புரோங் அரிசி ஆலையிலிருந்து மூட்டையாக வரும். உருண்டைகள் வெந்து வெளுத்ததும் பழைய வேட்டியில் சலித்து, பெரிய பால்மாவு டின் நிறையக் கோயிலுக்குக் கொடுப்பார். கோயிலில் அவருக்கு வேறு பதவி இல்லை. அந்த டின்தான் அவருடைய மரியாதை.

என்னுடைய மரியாதை பரிவட்டம். திருவிழாவில் தலைவருக்கு அடுத்தபடி எனக்குத்தான் கட்டுவார்கள். நான் பட்டதாரி என்பது காரணம். அம்மனுக்குச் சான்றிதழைக் காட்டியவர் யார் என்று தெரியவில்லை. அந்த வருடம் ஐயர் பட்டுத்துணியோடு என்னைத் தாண்டிப் போய், பின்வரிசையில் நின்ற சம்பந்தியின் தலையில் கட்டினார். நான் சிரித்துக்கொண்டே கைதட்டினேன். வேறு யாருமே கைதட்டவில்லை. பரிவட்டம் கட்டும்போது கைதட்டும் வழக்கம் கிடையாது.

அடுத்து வந்த ஒரு வெள்ளிக்கிழமை பூசை முடிந்து கமிட்டி உட்கார்ந்திருந்தது. கடைத் திருநீற்றில் சுண்ணாம்புக்கல் கலக்கிறார்கள் என்று வாட்சப்பில் ஏதோ வந்திருந்தது.

"சார், இதெல்லாம் கண்டுபிடிக்க வழி இருக்கா?" என்று தலைவர் கேட்டார்.

கேட்காதபோதே பாடம் நடத்துகிறவனைக் கேட்டுவிட்டார். கார்பன் இருக்கும் பொருளெல்லாம் ஒரே சாதி இல்லை என்று ஆரம்பித்தேன். சீனி, செம்பனை எண்ணெய், சாணம் இவற்றில் கார்பன் ஹைட்ரஜனோடு பிணைந்திருக்கும். இவை கரிமச் சேர்மங்கள், சூடுபடுத்தினால் கருகும். சுண்ணாம்புக்கல், முட்டை ஓடு, சோடா உப்பு இவற்றிலும் கார்பன் உண்டு, ஆனால் ஆக்சிஜனோடு கூட்டு. இவை கனிம வகை. கருகாது, புளிப்பு பட்டால் பொங்கும்.

அந்தக் கோடு அவ்வளவு நேரானது இல்லை என்பதைச் சொல்லாமல் விட்டேன். உயிருள்ளவை மட்டுமே கரிமப் பொருளைச் செய்யும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். உயிரில்லாத உப்பிலிருந்து யூரியாவைச் செய்து காட்டியதும் அந்த நம்பிக்கை போனது. அந்த யூரியாவிலும் கார்பனோடு ஹைட்ரஜன் நேராகச் சேர்ந்திருக்கவில்லை. இருந்தும் கரிமப் பட்டியலில் வைத்துக்கொண்டோம். வேதியியல்காரர்களும் கோயில் கமிட்டி மாதிரிதான். விதி ஒன்று போடுவோம், வேண்டியவர்களுக்கு விலக்கு கொடுப்போம்.

"சாணம் கரிமம், சுண்ணாம்புக்கல் கனிமம். பார்த்துவிடலாமே" என்று எழுந்தேன். மடப்பள்ளியிலிருந்து வினிகரும் கரண்டியும் வந்தன. கடைப் பாக்கெட்டை எடுத்திருக்க வேண்டும். நான் எடுத்தது சம்பந்தியின் டின்.

கரண்டியில் கொஞ்சம் போட்டு அடுப்பில் காட்டினேன். கருகவில்லை. "கரிமம் இல்லை" என்றேன். எரித்து முடித்த சாம்பலை மறுபடி எரித்து, கருகவில்லையே என்று ஆச்சரியப்பட்ட முதல் வேதியியல் ஆசிரியர் நானாகத்தான் இருப்பேன். பிறகு வினிகர் ஊற்றினேன். நுரை பொங்கியது. "கார்பனேட். சுண்ணாம்புக்கல்" என்றேன்.

சம்பந்தி தூண் ஓரம் நின்றிருந்தார். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் டின்னைப் பார்த்தார்.

"நான் சாணிதான் போட்டேன்" என்றார்.

"உமியோட ஏதாச்சும் கலந்து வந்திருக்குமோ?" என்று தலைவர் அவருக்குத் தப்பிக்க ஒரு வழி காட்டினார்.

"இல்லைங்க. சாணிதான்." பிறகு என் பக்கம் திரும்பி, "சம்பந்தி படிச்சவரு. அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லி, டின்னை மூடி இடுப்பில் இடுக்கிக்கொண்டு போனார். மறுவாரத்திலிருந்து அவர் கோயிலுக்கு வரவில்லை. தோட்டத்துப் பக்கம் அவருக்குச் 'சுண்ணாம்பு' என்று பட்டப்பெயர் விழுந்ததாகக் கேள்விப்பட்டேன். எனக்கு மட்டும் நிம்மதியான தூக்கம்.

புக்கிட் செந்தோசாவிலிருந்து மகள் போன் செய்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கேட்டது ஒரே கேள்வி.

"அப்பா, நல்ல சாம்பல்ல ஊத்தினா பொங்காதுன்னு செஞ்சு பாத்தீங்களா?"

"அதெல்லாம் செய்து பார்க்கத் தேவையில்லைம்மா."

"சரிப்பா" என்று வைத்துவிட்டாள்.

அவள் வாயை அடைப்பதற்காகவே பின்வாசலில் காய்ந்த இலைகளை ஒரு தகரத்தில் போட்டு எரித்தேன். என் கையால் எரித்த, சுண்ணாம்புக்கல்லை ஜென்மத்தில் பார்க்காத சாம்பல். ஆறியதும் வினிகர் ஊற்றினேன். பொங்கியது. இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். இன்னும் பொங்கியது.

எரியும்போது கார்பனின் பெரும்பகுதி புகையாகவும் வாயுவாகவும் போய்விடும். மிச்சத்தில் கொஞ்சம், சாம்பலில் இருக்கும் கால்சியத்தோடும் பொட்டாசியத்தோடும் சேர்ந்து கார்பனேட்டாக நின்றுவிடும். புல்லாகவும் சாணமாகவும் இருந்தவரை கரிமம். நெருப்பு தொட்டபின் கனிமம். பொங்குகிறதா என்று பார்த்தால் கார்பனேட் இருப்பது தெரியும். அது மலையிலிருந்து வந்ததா மாட்டிலிருந்து வந்ததா என்று வினிகருக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியது எனக்கு.

அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு வாளியில் காய்ந்த சாணத்தோடு கோயிலுக்குப் போனேன். அதே கமிட்டி, அதே இடம். சாணத்தை அவர்கள் கண்முன்னால் எரித்து, ஆறவைத்து, வினிகர் ஊற்றிக் காட்டினேன். என் சோதனை தப்பு, சம்பந்தியின் திருநீறு சுத்தம், பொறாமையில் அவர் டின்னை எடுத்தேன் என்று நின்றபடியே சொன்னேன்.

செயலாளர் குனிந்து நுரையைப் பார்த்தார். பிறகு தலைவர் கேட்டார்: "அப்ப சாணி எரிச்சாலும் சுண்ணாம்புதானா வருது, சார்?"

"சுண்ணாம்புக்கல் இல்லை. கார்பனேட். அது..."

"பொங்குதுல்ல லா. சனங்க பாத்தா என்ன நினைக்கும்?" என்றார் செயலாளர். அன்றைக்கே முடிவு எடுத்தார்கள்: இனிமேல் வாசனை போட்ட பாக்கெட் திருநீறுதான், வம்பே வேண்டாம். அந்தப் பாக்கெட்டை நான் இன்னும் சோதித்துப் பார்க்கவில்லை. என் விஞ்ஞான ஆர்வம் அதோடு தீர்ந்துவிட்டது.

அங்கிருந்து கொட்டகைக்குப் போனேன். சம்பந்தி மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். தண்ணீர்க் குழாயை மூடாமலே கேட்டுக்கொண்டார். நான் சொல்லி முடித்ததும், "தேத்தண்ணி குடிக்கிறீங்களா?" என்றார். குடித்தேன். "திரும்பக் கோயிலுக்கு வாங்க சம்பந்தி. நான் பேசிக்கிறேன்" என்றேன்.

"நீங்க பேசினது போதும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மாட்டின் முதுகைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்.

இந்தச் சிவராத்திரிக்கும் அவர் மூட்டம் போட்டார். கோயிலுக்கு இல்லை, பிள்ளைகள் வீடுகளுக்கு மட்டும். எனக்கு வரவில்லை, நானும் கேட்கவில்லை. மகள் வீட்டுச் சாமி அலமாரியில் அந்தத் திருநீறு ஒரு சின்ன டப்பாவில் இருக்கிறது. அவள் சமையலறையில் இருக்கும் நேரமாகப் பார்த்து, அதிலிருந்து கொஞ்சம் எடுத்துப் பூசிக்கொள்கிறேன்.