அந்த வருஷம் கப்பல் எங்கே நின்றது

என் கணவருக்குப் பொய் சொல்லவே வராது என்று சிட்னியில் தெரிந்தவர்களிடமெல்லாம் நான்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நாங்கள் பாண்டிச்சேரிக்காரர்கள். அவர் பிரெஞ்சுக் கடற்படையில், ஒரு நாசகாரிப் போர்க்கப்பலில் பத்து வருஷம் சமையல்காரராக இருந்தவர். வேலையை விட்ட பிறகு என்னை அழைத்துக்கொண்டு சிட்னிக்கு வந்தார். எழுபதுகளின் நடுவில் பிளாக்டவுனில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். பிள்ளை இல்லை. அவர் கப்பலில் இருந்த காலத்தில் பாண்டிச்சேரியில் ஒரு பெண் பிறந்தாள். ஒன்றரை வயதில் காய்ச்சல் கண்டு நாற்பது நாள் கிடந்தாள். காய்ச்சல் வந்த முதல் வாரமே அவருக்குத் தந்தி அடித்தேன். ஆள் வரவில்லை. எல்லாம் முடிந்த பிறகு ஒரு கடிதம் வந்தது. கப்பல் பசிபிக் கடல் நடுவில் நின்றதாம், தந்தி தாமதமாகத்தான் கைக்குக் கிடைத்ததாம்.

"பெத்த புள்ள சாகக் கெடந்துச்சு, அவனுக்கு அப்படி என்ன கப்பலு?" என்றாள் அம்மா.

"நடுக்கடல்ல இருக்கிற மனுஷன் நீந்தியா வருவாரு?" என்று நான் அவள் மேல் பாய்ந்தேன். மூன்று மாதம் அம்மாவோடு பேசவில்லை.

பசிபிக்கில் பிரான்ஸ் நடத்திய அணுகுண்டுச் சோதனைக்கு எதிரான ஆர்ப்பாட்டமெல்லாம் அடங்கியபின், அதே கப்பல் ஒருமுறை சிட்னிக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை யார் வேண்டுமானாலும் ஏறிப் பார்க்கலாம் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். "அதுல என்ன இருக்கு, வெறும் இரும்பு" என்றார் அவர். நான் விடவில்லை. பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்காவையும் சேர்த்துக்கொண்டு அவரை இழுத்துப் போனேன். அவர் வேலை செய்த இடத்தை நாலு பேருக்குக் காட்ட வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை.

மேல்தளத்தில் ஒரு மாலுமி ஆளுக்கொரு தாள் கொடுத்தான். கட்டிய நாள் முதல் கப்பல் எந்த வருஷம் எங்கே ஓடியது என்று அதில் இருந்தது. கன்னியாஸ்திரிகள் பள்ளியில் படித்த பிரெஞ்சு எனக்கு மறக்கவில்லை. என் பிள்ளை போன வருஷத்தைத் தேடினேன். அவளுடைய அப்பாவை எந்தக் கடல் பிடித்து வைத்திருந்தது என்று தெரிந்துகொள்ளும் ஆசை, வேறொன்றும் இல்லை. அந்த வருஷம் முழுக்கக் கப்பல் பிரான்சில், துலோன் துறைமுகத்தில் பழுது பார்க்க நின்றிருக்கிறது. அங்கிருந்து விமானம் ஏறியிருந்தால் மூன்று நாளில் வீட்டுக்கு வந்திருக்கலாம்.

ஓர் இரும்புப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன பிள்ளை, கப்பல் கவிண்ட மாதிரிக் கன்னத்திலை கை வச்சுக்கொண்டு இருக்கிறீர்?" என்றார் அக்கா.

"ஒண்ணுமில்லக்கா, வெயிலு."

லீவு கொடுத்திருக்க மாட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்போதும் அந்த மனுஷனுக்கு வக்காலத்து வாங்கினேன், வெட்கங்கெட்டவள்.

அந்த நேரம் பார்த்து நரைத்த தாடிக்காரர் ஒருவர் ஓடி வந்து என் கணவரைக் கட்டிக்கொண்டார். பழைய சமையல்கட்டு மேலதிகாரி, அதே கப்பலுக்கு மறுபடி வேலைக்கு வந்தவர். என் பக்கம் திரும்பிப் பிரெஞ்சில் கேட்டார்.

"பிழைத்துவிட்டாள் என்று இவர் வந்து சொன்னாரே, குழந்தை நலமா, மதாம்? இப்போது பெரிய பெண்ணாகியிருப்பாள். தந்தி வந்த அன்றைக்கே இவருக்கு இரண்டு மாத லீவு நான்தான் வாங்கிக் கொடுத்தேன். நாங்கள் எல்லாரும் சேர்ந்து அவளுக்கு ஒரு பொம்மை கொடுத்து அனுப்பினோமே, மாலுமி உடுப்புப் போட்டது. அவளுக்குப் பிடித்திருந்ததா?"

என் கணவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ரொம்பப் பிடித்திருந்தது" என்றேன். அந்த நல்ல மனுஷரிடம் வேறென்ன சொல்வது?

அக்காவோடு ரயில் ஏறி வீடு வந்தோம். வீட்டுக் கதவைச் சாத்தியதும் கேட்டேன். "எங்க போனீங்கன்னு கேக்கல. அந்தப் பொம்மைய யார்கிட்ட குடுத்தீங்க? அத மட்டும் சொல்லுங்க."

சட்டைப் பொத்தானைத் திருகினார். "துலோன்ல ஒரு வீடு இருந்துச்சு" என்றார். "அங்க ஒரு சின்னப் பொண்ணு."

"யாரு பொண்ணு?"

பொத்தான் அறுந்து அவர் கையோடு வந்தது. என் பிள்ளையின் காய்ச்சலைச் சொல்லி லீவு வாங்கி, என் பிள்ளையின் பொம்மையோடு அந்த வீட்டுக்குப் போயிருக்கிறார். சாவைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன். இதைப் பொறுக்க முடியவில்லை.

மேசையில் உட்கார்ந்து அம்மாவுக்குக் கடிதம் எழுதினேன். நலம் விசாரிக்கக்கூடக் கை வரவில்லை. ஒரு வரிதான் எழுதினேன்.

அம்மா, கப்பல் கரையிலதான் நின்னுது.